வேலூரில் புது கார்: ஆன் ரோடு 8.5 லட்சம் தாண்டக் கூடாது, கொட்டேஷன் 9.03 வந்திருக்கு. எங்கே குறைக்கலாம்?

காட்பாடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வீடு காட்பாடி, வேலை ராணிப்பேட்டை சிப்காட். தினசரி ஓட்டம் போக வர சுமார் 50 கிலோமீட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல், நடு வேரியண்ட் போதும்னு முடிவு பண்ணியாச்சு. கையில் 2.5 லட்சம், லோன் 6 லட்சம், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. பழைய கார் விற்கிற பணம் வேற செலவுக்கு ஒதுக்கினது, அதைக் கணக்கில் சேர்க்காதீங்க.

ஷோரூம் கொடுத்த தாள் இது:

எக்ஸ் ஷோரூம் 7,25,000
ரோடு டாக்ஸ் 94,250
ஆர்டிஓ செலவு 8,500
இன்சூரன்ஸ் 46,800
எசென்ஷியல் கிட் 21,900
எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,500
ஹேண்ட்லிங் 7,500
பெயின்ட் கோட்டிங், அண்டர்பாடி 9,500
ஃபாஸ்டேக் 600
மொத்தம் 9,28,550. தள்ளுபடி 25,000. கட்ட வேண்டியது 9,03,550.

"இன்னைக்கே 11,000 கட்டி புக் பண்ணா மேனேஜர்கிட்ட பேசி இன்னும் 10,000 வாங்கித் தரேன்"னு சொல்றாங்க. லோன் "6 பர்சென்ட் ஃப்ளாட்". 2014 மாடல் பழைய காருக்கு 1,40,000 மதிப்பு, அதுக்கு மேல 20,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ். வெளியே ஒரு புரோக்கர் 1,85,000 தரேன்னு சொல்றார்.

இப்போ ஆடி. வீட்டில் ஆவணியில்தான் வண்டி வீட்டுக்கு வரணும்னு கண்டிஷன். எப்படிப் பேசறது?

கோட்டை அகழி

அந்தத் தாளை இரண்டாக மடிச்சுப் பாருங்க சார். மேல் பாதி எக்ஸ் ஷோரூமும் ரோடு டாக்ஸும். அதில் உங்களுக்கும் வேலை இல்லை, அவருக்கும் வேலை இல்லை. ஷோரூம் விலை கம்பெனி வைக்கிறது. வரி தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 வரை 13%, 10 முதல் 20 வரை 18%, அதுக்கு மேல் 20%. 7,25,000க்கு 13% சரியா 94,250. அந்த வரி சுத்தம்.

கீழ் பாதிதான் டீலருடைய வயல். உங்க தாளில் அது 1,09,300. மேலே 25,000 விட்டுக் கொடுத்த மாதிரி காட்டி, கீழே அதைவிட அதிகமா அறுவடை பண்றாங்க. "இன்னும் 10,000 குறைங்க"ன்னு கேட்டா பெயின்ட் கோட்டிங்கை இலவசம்னு சொல்லிடுவாங்க, உள்ளே அதன் அடக்கம் ரொம்பக் குறைவு. அதனால மொத்தத் தள்ளுபடி கேட்காதீங்க, வரி வரியா கேளுங்க.

ஆர்டிஓ செலவு 8,500: காருக்குப் பதிவுக் கட்டணம் 600, ஸ்மார்ட் கார்டு 200, லோன் இருப்பதால் ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல் கடன் இருக்குன்னு ஆர்சியில் குறிக்கறது) பதிய 1,500, அதோட சாலைப் பாதுகாப்பு வரி ஒரு சிறு தொகை. மீதி "ஏஜென்ட்". இப்போ பதிவு வேலை டீலர் கம்ப்யூட்டரிலேயே நடக்குது, எதுக்கு ஏஜென்ட்? "அரசின் வாகன் போர்ட்டல் ரசீதில் என்ன இருக்கோ அதைக் கட்டறேன், ரசீது கொடுங்க" என்று ஒரே வாக்கியம். 5,000க்குள் இறங்கிடும்.

ஹேண்ட்லிங் 7,500: தொழிற்சாலையிலிருந்து யார்டுக்கு வண்டி வரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலேயே அடக்கம். இதை முழுசா அடிக்கச் சொல்லுங்க. "எல்லா கஸ்டமரும் கட்றாங்க சார்" என்பாங்க. "அப்போ டாக்ஸ் இன்வாய்ஸில் ஹேண்ட்லிங்னு தனி ஐட்டமா ஜிஎஸ்டியோட போட்டுக் கொடுங்க"ன்னு கேளுங்க. பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்னுடும்.

கோட்டிங் 9,500: புது வண்டிக்கு அண்டர்பாடியில் தொழிற்சாலைப் பூச்சு இருக்கு. கடலோரத்தில் இருந்தா யோசிக்கலாம். வெயிலில் வேகும் நம்ம ஊருக்கு முதல் நாளே தேவையில்லை.

கிட் 21,900: மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், பாடி கவர், கொஞ்சம் குரோம் பட்டை. வெளியே கிட்டத்தட்ட பாதி விலையில் முடியும். ஆனா ரெண்டு விஷயம். சீட் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் மாடல்னா அதுக்குன்னே தைத்த கவர்தான் போடணும், சாதா கவர் இறுக்கிப் பிடிச்சா சைடு ஏர்பேக் வெளியே வராது. அடுத்தது, கேமராவோ ஹாரனோ வெளியே மாட்டினா ஒயரை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம், சொருகும் கப்ளர் மட்டும். வெட்டின இடத்தைப் பார்த்தா எலக்ட்ரிக்கல் வாரண்டியை மறுத்திடுவாங்க.

இப்போ கணக்கு: 7,25,000 + 94,250 + ஆர்டிஓ 5,000 + வெளி இன்சூரன்ஸ் ஏறத்தாழ 33,000 + ஃபாஸ்டேக் 600 + வாரண்டி 14,500 = 8,72,350. அதில் 25,000 போனா 8,47,350. அவர் தானாகவே கொடுத்த தள்ளுபடியிலேயே உங்க பட்ஜெட்டுக்குள் வந்தாச்சு. மேனேஜர்கிட்ட பேசவே வேண்டியதில்லை.

நில் டெப்

இன்சூரன்ஸ் பத்திச் சொல்றேன், 46,800ல் எவ்வளவு அசையும் எவ்வளவு அசையாதுன்னு தெரியணும்.

புது காருக்கு ஓன் டேமேஜ் (நம்ம வண்டிச் சேதத்துக்கு) 1 வருஷம், தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால் மத்தவங்களுக்கு வரும் நஷ்டத்துக்கு) 3 வருஷம். தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயம்: 2022 அறிவிப்புப்படி 1000 சிசி வரை 3 வருஷத்துக்கு 6,521, 1000 முதல் 1500 வரை 10,640, அதுக்கு மேல் 24,596. உங்க 1.2க்கு 10,640. இது எந்தக் கம்பெனியிலும் ஒண்ணுதான். இதில் தள்ளுபடி தரேன்னு யாராவது சொன்னா அவர் வேற எங்கேயோ கூட்டி வெச்சிருக்கார்.

அசையறது ஓன் டேமேஜும், ஆட் ஆன் என்கிற கூடுதல் கவரும். டீலர் தாளில் ஓன் டேமேஜ் தள்ளுபடி குறைவா இருக்கும், வெளியே அதே கம்பெனியே பாதிக்கு மேல் குறைச்சுத் தரும். ஒப்பிடும்போது ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, ஒண்ணா இருக்கணும். 6 மாசத்துக்குள் இருக்கும் வண்டிக்கு 5% தேய்மானம், அப்போ 7,25,000க்கு ஐடிவி 6,88,750. வெளிக் கொட்டேஷனில் ஐடிவியை 6 லட்சமா குறைச்சு பிரீமியம் மலிவுன்னு காட்டுவாங்க, வண்டி திருடு போனா அந்த 6 லட்சம்தான் கைக்கு வரும்.

ஆட் ஆனில் நில் டெப்ரிசியேஷன் அவசியம். பம்பர், ஃபெண்டர் லைனர் எல்லாம் பிளாஸ்டிக், நில் டெப் இல்லாட்டி அதில் பாதி விலை நம்ம கையிலிருந்து. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி திருடு போனாலோ முழுசா நாசமானாலோ பில் விலை கிடைக்கும்) முதல் ரெண்டு வருஷத்துக்கு நல்லது. எஞ்சின் ப்ரொடெக்ட், மழைக்குத் தண்ணி தேங்கும் தெருவில் வீடு இருந்தா போடுங்க. சாவி தொலைஞ்சா, லக்கேஜ் தொலைஞ்சா வகையறா எல்லாம் தாளை நிரப்ப வந்தவை. ரோட் சைடு அசிஸ்டென்ஸ் கார் கம்பெனியே கொடுக்குதான்னு பார்த்துட்டு எடுங்க, ரெண்டு தடவை வாங்க வேண்டாம். 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் உங்க பேரில் ஏற்கெனவே இருந்தா அதைக் காட்டி அந்தத் தொகையை எடுக்கச் சொல்லலாம்.

"இன்சூரன்ஸ் எங்ககிட்ட எடுத்தாதான் ஆஃபர்" என்பது வாய்ப்பேச்சு. பாலிசியை எங்கே வேணா வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, டீலர் கட்டாயப்படுத்த முடியாது. எழுத்தில் கேளுங்க, எழுதித் தர மாட்டார். ஆனா ஒண்ணு: கேஷ்லெஸ் க்ளெய்முக்கு நீங்க போகப் போற சர்வீஸ் சென்டர் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருக்கணும். அதை முதல்ல பாருங்க. இருந்தா வெளிக் கொட்டேஷனை டீலர் மேஜையில் வெச்சு "இதே ஐடிவி, இதே ஆட் ஆன், இதே விலை"ன்னு கேளுங்க. பெரும்பாலும் இறங்கி வருவார். விலை ஒண்ணா வந்தா டீலரிடமே எடுக்கறது நல்லது, க்ளெய்ம் சமயத்தில் ஓட அவர் ஆள் இருப்பார்.

பழைய கார் பாலிசியில் க்ளெய்ம் பண்ணாம வந்திருக்கீங்களா? நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. தொடர்ந்து 5 வருஷம் க்ளெய்ம் இல்லைன்னா 50%. பழைய காரை வித்து, பேர் மாற்றப் படிவங்களான ஃபார்ம் 29, 30 நகலோட இன்சூரன்ஸ் கம்பெனியில் ரிசர்வேஷன் லெட்டர் வாங்கினா புது காரின் ஓன் டேமேஜில் அந்த 50% குறையும். டீலர் இதைத் தானா கேட்கவே மாட்டார். லெட்டர் 3 வருஷம் செல்லும்.

காட்பாடிக்காரன்

நன்றி சார். நோ க்ளெய்ம் போனஸ் 50% இருக்கு, இப்போதான் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். ஷோரூமில் யாரும் கேட்கலை. லோன் பத்தி யாராவது சொல்லுங்க.

குடியாத்தம் லுங்கி

ஃப்ளாட்னு சொன்ன உடனே பேனாவை எடுங்க.

6 லட்சம், 6% ஃப்ளாட், 5 வருஷம். வட்டி 1,80,000. மொத்தம் 7,80,000, அதை 60ஆல் வகுத்தா மாசம் 13,000. நீங்க மாசாமாசம் அசலும் கட்டிக்கினு வரீங்க, ஆனா வட்டி கடைசி மாசம் வரைக்கும் முழு 6 லட்சத்துக்கும் ஓடுது. குறையும் நிலுவைக் கணக்கில் இது 10.85%. அதே 6 லட்சத்தை ஒரு பேங்க் 9%க்கு ரெட்யூசிங்கில், அதாவது அந்தக் குறையும் நிலுவைக் கணக்கில், கொடுத்தா இஎம்ஐ 12,455. மாசம் 545 வித்தியாசம், 60 மாசத்துக்கு 32,700.

இன்னொரு வலை: "இஎம்ஐ எவ்வளவு கட்டுவீங்க சார்?" இதுக்குப் பதில் சொல்லாதீங்க. 10,000ன்னு சொன்னா 7 வருஷமா நீட்டி 9,653ன்னு காட்டுவாங்க, மலிவா தெரியும். அதே 9% தான். ஆனா வட்டி 1,47,300லிருந்து 2,10,850க்கு ஏறும். அந்த 63,500க்கு உள்ளேதான் டாப் வேரியண்ட், சன்ரூஃப் எல்லாம் நுழையும்.

லோன் பிடிச்சுக் கொடுத்தா டீலருக்கு பேங்க் பேஅவுட்னு கமிஷன் கொடுக்கும். அதனால முதல்ல உங்க சம்பள அக்கவுண்ட் பேங்கில் சாங்ஷன் லெட்டர் வாங்கிக்கினு போங்க. அதைக் காட்டி "இந்த ரேட்டுக்கு நீங்க தந்தா உங்ககிட்டயே எடுக்கறேன், உங்க பேஅவுட்டில் எனக்கு எவ்வளவு?"ன்னு கேக்கலாம். கேக்க வெட்கப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது: ப்ராசசிங் ஃபீஸ், டாக்குமென்ட் சார்ஜ், முன்கூட்டி அடைச்சா எத்தனை சதவீதம் பிடிப்பாங்க, லோன் தொகைக்குள் கேட்காமலே இன்சூரன்ஸ் சேர்த்திருக்காங்களா. கடைசி ஒண்ணு ரொம்ப சகஜம். சாங்ஷன் 6,00,000, கைக்கு 5,85,000 வரும், மீதி எங்கேன்னு டெலிவரி அன்னைக்குத்தான் தெரியும். அப்போ சண்டை போட நேரம் இருக்காது, மாலை போட்டு தேங்காய் உடைக்க ஆள் நிப்பாங்க.

ஆம்பூர் ஆட்டோ

இடையில் ஒரு கேள்வி. என் பட்ஜெட் 12. ஆட்டோமேட்டிக் ரெண்டு வேரியண்ட், ஒண்ணு 9,95,000, ஒண்ணு 10,05,000. "10,000தான் வித்தியாசம்"னு மேல் வேரியண்டைத் தள்றாங்க. எடுக்கலாமா?

கோட்டை அகழி

வித்தியாசம் 10,000 இல்லை. 9,95,000க்கு 13%, வரி 1,29,350. 10,05,000க்கு 18%, வரி 1,80,900. வரியில் மட்டும் 51,550. அதோட 10 லட்சம் தாண்டினா 1% டிசிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 10,050 ஷோரூமிலேயே பிடிப்பாங்க. வருமான வரிக் கணக்கில் அது திரும்ப வரும், ஆனா வாங்கும் அன்னைக்கு கையிலிருந்து போகணும். ஆக அன்னைக்குத் தேவைப்படும் கூடுதல் பணம் 71,600. சன்ரூஃபுக்கு இந்த விலை சரியான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. தனி இழை போடுங்க தம்பி, இங்கே வேற பேச்சு ஓடுது.

பாகாயம் பஸ் ஸ்டாப்

பேசற முறையும் நாளும்.

சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் கையில் அதிகாரம் ரொம்பக் கம்மி. அவர் மேலே டீம் லீடர், அதுக்கு மேல சேல்ஸ் மேனேஜர். "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்"னு உள்ளே போனவர் வெளியே வர பத்து நிமிஷம் ஆகும், அந்தப் பத்து நிமிஷம் உங்களை உட்கார வைக்கத்தான். மூணாவது தடவை போகும்போது நீங்க எழுந்துடுங்க. "நம்பர் வெச்சுக்கோங்க, 8,45,000 ஆன் ரோடு, பிரேக்கப்போட, உங்க சீலோட வாட்ஸப்பில் அனுப்பினா வரேன்." வேற எதுவும் பேச வேண்டாம், கோபமும் வேண்டாம். 8.5ன்னு சொல்லாதீங்க. சொன்னா 8,49,900ல்தான் நிற்பாங்க.

பழைய காரை முதல் நாளே சொல்லிட்டீங்க, பரவாயில்லை. கணக்கு இதுதான்: அவங்ககிட்ட 1,40,000 + 20,000 = 1,60,000, வெளியே 1,85,000. போனஸ் கம்பெனிப் பணம், மதிப்பில் குறைச்ச 45,000 டீலர் பணம். மதிப்பை 1,65,000 ஆக்கினா எக்ஸ்சேஞ்சுக்கு விடுங்க. இல்லாட்டி வெளியே வித்துடுங்க, ஆனா ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து வாங்கி ஆர்சி பேர் மாறும் வரைக்கும் விடாதீங்க. மாறாத வரை அந்த வண்டி எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

கார்ப்பரேட் ஆஃபர் கேட்டீங்களா? இங்கே சிஎம்சி ஆஸ்பத்திரி, விஐடி யூனிவர்சிட்டி, பெல் (BHEL) தொழிற்சாலை, பேங்க், அரசு ஊழியர் என்றால் பெரும்பாலான கம்பெனிப் பட்டியலில் தனித் தொகை இருக்கும். சிப்காட்டில் நடுத்தரக் கம்பெனி பேரும் சிலதில் உண்டு. ஐடி கார்டும் சம்பளச் சீட்டும் போதும். அவங்க சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேட்கணும். உங்களுக்கு இல்லாட்டி, லோனில் கோ அப்ளிகண்ட் மனைவிக்கு இருக்கான்னு பாருங்க. யார் பேரில் வண்டி பதியறதோ அவங்களுக்குத்தான் அந்த ஆஃபர்.

2025 செப்டம்பர் 22ல் சின்ன கார் ஜிஎஸ்டி 18% ஆனது. அது எக்ஸ் ஷோரூம் விலையிலேயே இறங்கியாச்சு. அதைத் தாளில் "ஜிஎஸ்டி பெனிஃபிட்"னு தள்ளுபடிப் பக்கத்தில் எழுதினா அடிச்சுட்டு மறுபடி கூட்டச் சொல்லுங்க.

ரெண்டாவது கொட்டேஷன் வாங்கும்போது வேலூரில் இருக்கும் இன்னொரு கிளைக்குப் போய் வாங்கினா அதே முதலாளியா இருக்கலாம். தாளில் ஜிஎஸ்டி நம்பரைப் பாருங்க, ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒரே கடை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் வேற டீலரிடம் கேளுங்க. தமிழ்நாட்டுக்குள் எங்கே வாங்கினாலும் உங்க விலாசத்துக்கு வேலூர் டிஎன் 23லேயே பதியலாம். "வெளியூர் வண்டிக்கு இங்கே சர்வீஸ் லேட்டாகும்" என்பது மிரட்டல், வாரண்டி எந்த அங்கீகரிச்ச சென்டரிலும் செல்லும். சித்தூர் பக்கம்தான்னு ஆந்திராவுக்குப் போகாதீங்க. தற்காலிகப் பதிவு, இங்கே வந்து நம்ம வரி, அலைச்சல்தான் மிச்சம்.

இப்போ ஆடி. புது வண்டி எடுக்க நம்ம ஆளுங்க தயங்கற மாசம், ஷோரூம் காலி, டார்கெட் மட்டும் அப்படியே இருக்கு. பேச இதைவிட நல்ல நேரம் மார்கழிதான். ஆனா ஒரு நுணுக்கம். ஸ்கீம், அதாவது கம்பெனி தள்ளுபடி, ஓடறது ஆங்கில மாசக் கணக்கில், அதுவும் புக்கிங் தேதிக்கு இல்லை, பில் தேதிக்கு. ஜூலையில் புக் பண்ணி ஆவணி முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் 17 வாக்கில் எடுத்தா ஆகஸ்ட் ஸ்கீம்தான் பொருந்தும். அது ஏறலாம், இறங்கலாம். புக்கிங் ஃபார்மில் "பில் மாதத்தில் ஸ்கீம் குறைந்தால் வித்தியாசம் டீலர் பொறுப்பு, புக்கிங் ரத்தானால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்"னு எழுதி சீல் வாங்குங்க. ஆகஸ்ட் முதல் வாரம் ஸ்கீம் வந்த பிறகு புக் பண்ணா இந்தச் சிக்கலே இல்லை, மூணு வாரம் பொறுங்க. "இன்னைக்கு மட்டும்"னு சொன்ன 10,000 அப்பவும் இருக்கும்.

நில் டெப்

மார்கழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிசம்பர் தள்ளுபடிக்காக டிசம்பரில் பில் போட்டு, வண்டியை யார்டிலேயே விட்டுட்டு தை ஒண்ணுக்கு எடுக்கறவங்க உண்டு. பில் ஆன அன்னைக்கே இன்சூரன்ஸ் ஓட ஆரம்பிச்சிடும், பதிவு வருஷமும் பழசா நிற்கும். அந்தத் தள்ளுபடி மறுவிற்பனையில் விழும் வருஷக் குறைவுக்கு ஈடாகுமான்னு பார்க்கணும். 10 வருஷம் வெச்சு ஓட்டறவர்னா ஈடாகும். 4 வருஷத்தில் மாத்தறவர்னா சந்தேகம்தான்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி பத்தி அகழி சார் கணக்கில் சேர்த்திருக்கார். அதை இப்பவே எடுக்கணும்னு இல்லை. பொதுவா சாதா வாரண்டி முடியறதுக்குள் வாங்கலாம், தள்ளிப் போட்டா விலை ஏறும். பட்ஜெட் இடிச்சா தள்ளிப் போட இதுதான் சரியான ஐட்டம்.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு

பணம் பேசி முடிஞ்ச பிறகு கோட்டை விடற இடம் யார்டு. முழுப் பணம் கட்டறதுக்கு முன்னாடி, பதிவுக்கு முன்னாடி, வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பதான் கழுவின வண்டியைக் காட்டுவாங்க, ஈரத்தில் கீறல் தெரியாது. காயட்டும்னு நில்லுங்க.

சேஸிஸ் நம்பரை முதல்ல கேட்டு வாங்கி, வண்டியில் பொறிச்சதோடு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. தயாரிப்பு மாதம் ஃபார்ம் 22ல் இருக்கும். 3 மாசத்துக்கு மேல் யார்டில் நின்ன வண்டின்னா அது உங்க துருப்புச் சீட்டு. அந்த வண்டிக்கு டீலர் வட்டி கட்டிக்கிட்டு இருக்கார், இன்னும் குறைப்பார். ஆனா பேட்டரியை டெஸ்டர் வெச்சு பார்க்கச் சொல்லுங்க, நின்ன வண்டியில் முதல்ல சாகறது அது.

டயர் ஓரத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 4 எண் இருக்கும். 1826ன்னா 2026ல் 18வது வாரம். நாலு டயரும் ஏறத்தாழ ஒரே வாரமா இருக்கணும், ஒண்ணு மட்டும் வேறன்னா ஏன்னு கேளுங்க. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் கம்பெனி முத்திரை எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். பானெட், டிக்கி, ஃபெண்டர் போல்ட் தலையில் பெயின்ட் உரிஞ்சிருந்தா யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. கதவு இடைவெளி ரெண்டு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்க. ஓடோமீட்டர் 50க்கு மேல் இருந்தா காரணம் கேளுங்க. 200ன்னா அது டெஸ்ட் டிரைவ் வண்டி, வேற வண்டி கேளுங்க. ரெண்டு சாவி, ஜாக்கி, ஸ்டெப்னி, மேனுவல்.

பணம் டீலர் கம்பெனி அக்கவுண்டுக்கு மட்டும். எக்ஸிக்யூட்டிவ் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ண 11,000த்துக்கு ரசீது வராது. ரொக்கமா 2 லட்சமோ அதுக்கு மேலயோ கொடுத்தா சட்டச் சிக்கல் வேற. நம்பர் பிளேட் மாட்டாம வண்டியை வெளியே எடுக்காதீங்க, பள்ளிகொண்டா டோல் வரைக்கும் கூட.

காட்பாடிக்காரன்

எல்லார் சொன்னதையும் எழுதிக்கிட்டு, அனுப்பச் சொன்னேன். புதுத் தாள் வாட்ஸப்பில் வந்திருக்கு: 7,25,000 + 94,250 + ஆர்டிஓ 5,200 + இன்சூரன்ஸ் 31,400, நோ க்ளெய்ம் போனஸ் கழிச்சு, அதே ஐடிவி. ஃபாஸ்டேக் 600. ஹேண்ட்லிங், கோட்டிங், கிட் இல்லை. மேட்டும் மட் ஃப்ளாப்பும் இலவசம். தள்ளுபடி 25,000. அதோட "டெலிவரி சார்ஜ் 2,500"ன்னு புதுசா ஒரு வரி. மொத்தம் 8,33,950. வாரண்டி தள்ளி வெச்சிருக்கேன்.

கோட்டை அகழி

டெலிவரி சார்ஜ்னா ஹேண்ட்லிங் சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு. அடிக்கச் சொல்லுங்க, 8,31,450. அப்புறம் வாரண்டி 14,500ஐயும் சேர்த்தாலே 8,45,950தான்.